வளைந்த முதுகும் வைத்தியரின் பொறுப்பும்

பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. பள்ளிச் சீருடையின் ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. துப்பட்டா எப்போதும் ஒரே பக்கமாகச் சரிகிறது. புத்தகப் பையின் சுமையால் வந்த கோணல் என்று வீட்டார் முதலில் எண்ணுகிறார்கள். சில மாதங்கள் கழித்து முதுகின் ஒரு பக்கம் புடைத்திருப்பதைத் தாய் காண்கிறார். அன்றிரவே கைப்பேசியில் தேடல் தொடங்குகிறது. ஒருவர் குப்புறப் படுத்திருக்க, மற்றொருவர் முதுகில் இரு கைகளையும் ஊன்றி அழுத்த, 'மளுக்'கென்று ஓசை எழும் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கைரோபிராக்டிக் என்னும் இம்முறை நம் ஊர்களிலும் இன்று பேசப்படுகிறது. திருநகர் போன்ற மதுரைப் புறநகர்களில் வாழும் நம் குடும்பங்களிலும் இந்தக் கேள்வி எழுகிறது: வளரும் பிள்ளையின் வளைந்த முதுகெலும்பைக் கையால் அழுத்தி நிமிர்த்த முடியுமா?

கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக மருத்துவர்கள் இதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுள் முஸ்லிம் உலகின் மாபெரும் அறுவை மருத்துவர் ஒருவரும் உண்டு. அவர் தந்த விடையையும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் அறிந்துகொண்டால், இன்றைய காட்சிகளைப் பார்க்கும் கண்ணே சற்று மாறும்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸின் (அரபியில் புக்ராத்) பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று மூட்டுகளைப் பற்றியது. அக்காலத்தில் கூன் விழுந்தவரை ஏணியில் கட்டி, சில வேளைகளில் தலைகீழாகக் கட்டி, அந்த ஏணியை உயரத் தூக்கிக் கீழே விழச்செய்து முதுகை நிமிர்த்த முயன்றார்கள். நூலாசிரியர் இதனை விவரித்துவிட்டு, இம்முறையால் எவரும் நிமிர்ந்ததாகத் தாம் அறியவில்லை என்கிறார். கூட்டத்தை வாய்பிளக்க வைப்பதற்காகவே பலர் இதைச் செய்கிறார்கள் என்றும், ஒரு மனிதன் ஆகாயத்தில் தொங்குவதைக் கண்ட மக்கள் அதைப் பாராட்டிப் பேசுவார்களேயன்றி, பின்னர் அவன் நலமடைந்தானா என்று எவரும் விசாரிப்பதில்லை என்றும் கடிந்துரைக்கிறார். தாமே ஒரு முறை காற்றடைத்த தோற்பையை நோயாளியின் முதுகுக்குக் கீழே வைத்து நிமிர்த்த முயன்று தோற்றதையும் அவர் மறைக்கவில்லை. தோல்வியும் பிறருக்குப் பாடமாகும் என்று சொல்லியே அதைப் பதிவு செய்கிறார். மருத்துவ வரலாற்றில் இத்தகைய பக்கங்கள் மிகச் சில.

இந்த அறிவு ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவைச் சேர்ந்த பவுலஸ் என்பவரின் தொகுப்பு நூலில் சேர்ந்தது. அத்தொகுப்பு அப்பாஸியர் காலத்தில் அரபிக்கு வந்தது. அங்கிருந்து ஸ்பெயினின் குர்துபா நகரத்தை அடைந்தது. அந்நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 அளவில் பிறந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. ஐரோப்பியர் அவரை அல்புகாஸிஸ் என்றழைத்தனர். அவர் எழுதிய 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பகுதிகளைக் கொண்டது. முப்பதாம் பகுதி முழுவதும் அறுவை மருத்துவமும் எலும்பு மருத்துவமும் ஆகும். கருவிகளின் படங்களோடு அமைந்த அப்பகுதி பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் பாடமாக இருந்தது. நம் மேடைகளில் ஸஹ்ராவியின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. அவர் கண்ட கருவிகளையும் தையல் நரம்புகளையும் எண்ணிப் பெருமை கொள்கிறோம். அவர் எதைச் செய்ய மறுத்தார் என்பதை ஏனோ நாம் பேசுவதில்லை.

முதுகெலும்பு விலகல் பற்றிய அத்தியாயத்தில் அவர் முதலில் எல்லைக்கோடு ஒன்றை வரைகிறார். கூன் சிறுவயதில் தோன்றியதாயின் அதற்குச் சிகிச்சை இல்லை என்கிறார். முன்புறமாகவோ பக்கவாட்டிலோ எலும்பு விலகியிருந்தாலும் கைவைக்கலாகாது. விழுந்ததாலோ அடிபட்டதாலோ எலும்பு பின்புறமாகப் பிதுங்கியிருந்தால் மட்டுமே தாம் சொல்லும் முறையைக் கையாளலாம். இதைப்பற்றி முன்னோர் நீண்டு எழுதியவற்றில் பெரும்பகுதி பயனற்றது என்று சொல்லி, சுருக்கித் தருவதாகவும் குறிப்பிடுகிறார். அதன்பிறகே முறை வருகிறது. சுவரை ஒட்டிய பலகையில் மென்மையான விரிப்பின்மேல் நோயாளியைக் குப்புறக் கிடத்த வேண்டும். அக்குளுக்குக் கீழும் இடுப்பிலும் கால்களிலும் வார்களைக் கட்டி, உதவியாளர்கள் இருபுறமும் சீராக இழுக்க வேண்டும். அவர்கள் இழுக்கையில் மருத்துவர் உள்ளங்கைகளால் பிதுங்கிய எலும்பின்மேல் அழுத்துகிறார். அது போதாதெனில், சுவரிலுள்ள குழியில் ஒரு முனையைச் செருகிய பலகையை முதுகின்மேல் கிடத்தி மறுமுனையை அழுத்துகிறார். 1465இல் அனத்தோலியாவின் அமாஸ்யா நகர மருத்துவர் ஷரஃபுத்தீன் சபுஞ்சுஓக்லு, ஸஹ்ராவியின் நூலைத் தழுவித் துருக்கிய மொழியில் எழுதியபோது, இத்தகைய சிகிச்சைகளுக்கு வண்ணப் படங்களும் தீட்டி வைத்தார்.

அழுத்தி நிமிர்த்தும் கலையை அவர் அறிந்திருந்தார் என்பது இதிலிருந்து விளங்கும். அறிந்த கையையே பிள்ளைகளின் கூன் விஷயத்தில் அவர் பின்னிழுத்துக்கொண்டார். அன்று எக்ஸ்ரே இல்லை. விழுந்ததால் விலகிய எலும்பும், வளர்ச்சியோடு சேர்ந்தே கோணிய எலும்பும் வெவ்வேறு என்று பார்வையாலும் தொடுதலாலும் அனுபவத்தாலும் மட்டுமே அவர் உணர்ந்திருக்க வேண்டும். அறுவைப் பகுதியின் முன்னுரையில், அறியாத மருத்துவர்களின் கையில் உயிரிழந்தவர்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். கழுத்துக் கட்டியைக் கீறப்போய் இரத்தக் குழாய்களை அறுத்து, ஒரு பெண்ணைக் கொன்ற மருத்துவன் அவற்றுள் ஒன்றில் வருகிறான்.

இந்த எச்சரிக்கைக்கு மார்க்கத்தில் வேர் உண்டு. மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. அதில் வரும் 'ளாமின்' என்ற சொல் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் என்று பொருள்படும். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலில் இதை விரித்து எழுதுகிறார்கள். தொழிலில் தேர்ந்தவர் முறைப்படி சிகிச்சை செய்தும் தீங்கு நேர்ந்தால் அவர்மீது ஈடு இல்லை. அறியாதவர் அறிந்தவர்போல் நடித்துச் செய்து தீங்கு நேர்ந்தால் அவர் தப்ப முடியாது. நல்லெண்ணம் கொண்டவரா என்பது இங்கே கேள்வியே அன்று. அறிவுடையவரா என்பதே கேள்வி.

அறிவை அளப்பது எப்படி? அதற்கும் நம் முன்னோரிடம் ஏற்பாடு இருந்தது. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரி, சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்காகக் கையேடு ஒன்றை எழுதினார். ரொட்டி சுடுபவர், கசாப்புக் கடைக்காரர், துணி நெய்பவர் ஆகியோருக்கான விதிகளோடு மருத்துவர்களுக்கான விதிகளும் அதில் உண்டு. எலும்பு வைத்தியரை அரபியில் 'முஜப்பிர்' என்பார்கள். பவுலஸின் நூலில் எலும்பு மருத்துவம் பற்றிய ஆறாம் பகுதியைக் கற்றுத் தேராமல் எந்த முஜப்பிரும் தொழில் செய்யக் கூடாது என்கிறது அக்கையேடு. மனித உடலின் எலும்புகள் 248 என்பதையும் (அன்றைய கணக்கு அது; இன்று வளர்ந்தவருக்கு 206 என்கிறார்கள்), ஒவ்வொன்றின் வடிவத்தையும் அளவையும் அவர் அறிந்திருக்க வேண்டும். முஹ்தஸிப் அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பொது மருத்துவருக்குரிய விதி இன்னும் நுட்பமானது. நோயாளியைப் பார்த்த மருத்துவர், கண்ட அறிகுறிகளையும் கொடுத்த மருந்தையும் எழுதி, அதன் படியொன்றை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி இறந்துபோனால் வீட்டார் அந்தத் தாள்களைத் தலைமை மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். தவறு மருத்துவருடையது என்று அவர் கண்டால் உயிரீட்டுத் தொகையை அந்த மருத்துவரிடமே பெற்றுக்கொள்ளுமாறு சொல்வார். ஒவ்வொரு நகரிலும் ஒவ்வொரு நாளும் இது அப்படியே நடந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. கையேடுகள் எழுதப்படுவதே மீறல்கள் மிகுந்திருப்பதால்தான். ஆயினும் எலும்பைத் தொடும் கை முதலில் தேர்வெழுதிய கையாக இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் எட்டுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நினைத்திருக்கிறது.

கைரோபிராக்டிக்கின் கதை இதற்கு நெடுங்காலம் பின்னர், அமெரிக்காவில் தொடங்குகிறது. கனடாவில் 1845இல் பிறந்த டேனியல் டேவிட் பாமர், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்தார். 1895 செப்டம்பரில், அவர் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் ஒரு கண்ணியை அழுத்தியதும், இழந்த செவிப்புலன் அவருக்கு மீண்டதாகப் பாமர் சொன்னார். எலும்புக் கண்ணிகள் இடம்பிசகி நரம்பை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற கோட்பாடு இதிலிருந்து பிறந்தது. உரிமமின்றி மருத்துவம் செய்தார் என்று 1906இல் பாமர் சிறை சென்றார். கன்சாஸ் மாநிலம் 1913இல் இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 1994இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் கைரோபிராக்டிக்கிற்கென்று தனிப் பதிவுச் சட்டம் எதுவும் இல்லை. வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் பயின்று வந்தவரும், சில நாள் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அமரலாம். ஷைஸரியின் முஹ்தஸிப் இன்று வந்தால் யாரிடம் எதைக் கேட்பார் என்று தெரியவில்லை.

வளர்ந்தவர்களின் சாதாரண இடுப்புவலிக்கு இம்முறை ஓரளவு ஆறுதல் தருவதுண்டு. அதை மறுப்பதற்கில்லை. அந்த 'மளுக்' ஓசைதான் மக்களை மயக்குகிறது. எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று கேட்பவர் நினைக்கிறார். நம் ஊர் முடிதிருத்தகங்களில் தலைமுடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அந்த ஓசையும் இதுவும் ஒன்றே. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரில், மூட்டு சட்டென விரியும்போது ஒரு வாயுக்குமிழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, ஓசை எழும் கணத்திலேயே குமிழி தோன்றுவதை 2015இல் படமெடுத்துக் காட்டினார்கள். விரலில் நெட்டி முறித்தால் விரல் நேராவதில்லை. முதுகிலும் அப்படித்தான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். முதுகுப் பிடிப்பைப் போக்க நம் பாட்டிமார் அறிந்த வழிகள் பல. காலை முன்னிட்டுப் பிறந்தவரை அழைத்து மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுப்பவரிடம் செல்வது, எண்ணெயிட்டு நீவுவது ஆகியவை மதம் கடந்து எல்லா வீடுகளிலும் வழங்கியவை. முறிந்த கையை மூங்கில் பற்றையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டும் வைத்தியர்களுக்குத் தனி மதிப்பிருந்தது, இன்றும் இருக்கிறது. தசைப்பிடிப்பில் இவற்றால் பெரும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளைகளின் முதுகு வளைவதற்கு நெடுங்காலமாக இரண்டு கொடிய காரணங்கள் இருந்தன. ஒன்று இளம்பிள்ளைவாதம். ஒரு பக்கத் தசைகள் செயலிழக்க, முதுகெலும்பு மறுபக்கமாய்ச் சாய்ந்துவிடும். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு அந்நோய் நின்றது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மற்றொரு காரணம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. அதுதான் எலும்புக் காசநோய்.

திருநகரைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் சென்றால் தோப்பூர் வரும். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதால் இன்று எல்லோரும் அறிந்த பெயர் அது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே ஆஸ்டின்பட்டியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. மதுரை வட்டாரத்துக் காசநோயாளிகளின் புகலிடம் அது. காசம் என்றால் இருமல் என்றே நாம் நினைக்கிறோம். அக்கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே முதுகெலும்புக் கண்ணிகளையும் சென்றடையும். கண்ணியின் முன்பகுதி அரிக்கப்பட்டுச் சரிய, முதுகு கூர்மையாகக் கூனும். பிள்ளைக்கு மாலைக் காய்ச்சல் இருக்கலாம், எடை குறையலாம், இரவில் வலியால் அழலாம். தரையில் கிடக்கும் பொருளை எடுக்கச் சொன்னால் குனியாமல், முதுகை விறைப்பாக வைத்தபடியே முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். இந்தப் பிள்ளையைக் குப்புறக் கிடத்தி ஒருவர் முதுகில் கை ஊன்றினால், அரித்துப்போன எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கக்கூடும். நடந்து வந்த பிள்ளையைத் தூக்கிச் செல்ல நேரிடும். முறையாகப் பயின்ற கைரோபிராக்டிக் மருத்துவரும் இத்தகைய முதுகைத் தொடமாட்டார். எக்ஸ்ரே எடுக்காமல் தொடுபவரைப் பற்றித்தான் அச்சம்.

இந்த நோயில் உலகுக்கே வழிகாட்டிய ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டுமா, மருந்து மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, 1970களில் தொடங்கிச் சென்னையில் இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமங்களின் துணையோடு நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். படுக்கையில் கிடக்காமல் நடமாடிக்கொண்டே மருந்துண்டவர்களும் பெரும்பாலோர் நலமடைந்தனர். அந்த ஆய்வுப் பின்னணியில் வளர்ந்தவர் எஸ். ராஜசேகரன். பின்னாளில் கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவராக உலகப் புகழ்பெற்றார். சென்னை மருத்துவர் டி.கே. சண்முகசுந்தரத்தோடு சேர்ந்து, எவ்வளவு எலும்பு அரிக்கப்பட்டால் இறுதியில் எவ்வளவு கூன் விழும் என்று முன்கூட்டியே கணிக்கும் சூத்திரத்தை 1987இல் வெளியிட்டார். அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது 2001இல் அவர் வெளியிட்ட ஆய்வு. மருந்தால் நோய் குணமான 61 பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் அவர் விடாமல் பின்தொடர்ந்தார்.

அவர் கண்டது வியப்பூட்டுவது. நோய் குணமான பின்னும் வளர்ச்சி முடியும்வரை முதுகின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. 39 விழுக்காட்டினருக்குக் கூன் மேலும் கூடியது. 44 விழுக்காட்டினருக்கு வளர வளரத் தானாகவே குறைந்தது. எஞ்சியோருக்குப் பெரிய மாற்றமில்லை. யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு அடையாளங்களைக் கொண்டு முன்பே அறியலாம் என்றும் காட்டினார். அத்தகையோருக்கு மட்டும் காலத்தோடு அறுவை செய்தால் போதும்.

இந்த 44 விழுக்காட்டை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளை வாரந்தோறும் ஒருவர் நீவியோ அழுத்தியோ வந்திருந்தால், கூன் குறைந்ததன் புகழ் யாருக்குப் போயிருக்கும்? வீட்டார் கண்ணீரோடு நன்றி சொல்லியிருப்பார்கள். ஊரெல்லாம் அவர் பெயர் பரவியிருக்கும். கூன் கூடிய பிள்ளைகளின் வீட்டாரோ தலைவிதி என்று வாய்மூடியிருப்பார்கள். யாரும் பொய் சொல்லாமலேயே ஒரு பொய்ச்சிகிச்சை நிலைபெறுவது இப்படித்தான். ராஜசேகரன் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து எண்ணியதால்தான் உண்மை தெரிந்தது. ஏணியில் கட்டப்பட்டவன் பின்னர் என்ன ஆனான் என்று எவரும் கேட்பதில்லை என்று அந்தக் கிரேக்க நூல் சொன்ன குறை, இங்கே ஒருவரால் தீர்க்கப்பட்டது.

காசநோயோ வாதமோ பிறவிக் குறையோ இல்லாமல், பத்து முதல் பதினைந்து வயதுக்குள், காரணம் தெரியாமல் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதே ஸ்கோலியோசிஸ் வகைகளுள் மிகவும் பொதுவானது. நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம். பெரும்பாலோருக்குச் சிறிய வளைவோடு நின்றுவிடும். பெரிதாகும் வளைவுகள் பெண்பிள்ளைகளிடமே மிகுதி. வளைவதோடு எலும்பு முறுக்கிக்கொள்ளவும் செய்வதால் விலா எலும்புகள் ஒரு பக்கம் புடைக்கின்றன. இதைக் கண்டறியும் எளிய சோதனை இலண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸின் பெயரால் வழங்குகிறது. அதன் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. இகுவானோடன் என்னும் தொல்விலங்கைக் கண்டறிந்த கிடியன் மான்டெல், 1841இல் குதிரை வண்டி விபத்துக்குப் பின் முதுகுவலியால் ஆண்டுக்கணக்கில் வதைபட்டார். முதுகின் புடைப்பைக் கட்டி என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். அவர் 1852இல் இறந்தபின் உடலை ஆராய்ந்த ஆடம்ஸ், அது கட்டியன்று, முறுக்கிய முதுகெலும்பே என்று கண்டார். நிமிர்ந்து நிற்கையில் மறைந்திருக்கும் முறுக்கம், குனிந்தால் வெளிப்படும் என்று 1865இல் எழுதினார். முழங்கால் மடங்காமல் இடுப்பிலிருந்து குனியச் செய்து, பின்னால் நின்று பார்த்தால், ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாய்த் தெரியும்.

படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும்: இது ஏறத்தாழ ருகூவின் நிலை. முதுகு தட்டையாக இருக்கும்படி ருகூவில் குனிவது நமக்குச் சுன்னத். ஐந்து நேரமும் பிள்ளைகள் அந்த நிலைக்கு வருகிறார்கள், நாம்தான் பார்ப்பதில்லை. பெண்பிள்ளை பருவமெய்தும் வயதும், தளர்ந்த ஆடை அணியத் தொடங்கும் வயதும், இவ்வளவு வேகமாக வளைவு கூடும் வயதும் ஒன்றே. அதன்பின் தாய்கூட மகளின் முதுகைப் பார்ப்பது அரிது. கண்டபின்னும் மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாளை மணம் பேசும்போது இடையூறாகும் என்று அஞ்சி, மருத்துவமனைக்குப் போகாமல் யாருக்கும் தெரியாமல் நீவிவிடுபவரைத் தேடுகிறார்கள். அந்த ஓராண்டு ஈராண்டுத் தாமதத்தில் இருபத்தைந்து பாகை ஐம்பது பாகையாகிவிடுகிறது. அதன்பின் மிஞ்சுவது அறுவைச் சிகிச்சை மட்டுமே. உண்மையில் அஞ்சவேண்டிய இடையூறு அந்தத் தாமதம்தான்.

கைரோபிராக்டிக் இவ்வளைவைக் குறைக்குமா என்பதைக் கைரோபிராக்டிக் கல்வியாளர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லான்ட்ஸ், சென் ஆகிய இருவர், ஆறு முதல் பதினேழு வயதுக்குட்பட்ட, 20 பாகைக்கு மேற்படாத சிறு வளைவுகளையுடைய 42 பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் சிகிச்சையளித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். வளைவு குறையவில்லை. தம் தொழிலுக்கே எதிரான முடிவைத் தம் துறை இதழிலேயே அச்சிட்டது அவர்களுடைய நேர்மை. தோற்பைத் தோல்வியை எழுதிவைத்தவரின் வழியில் வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். மறுபுறம், ஏணியின் வழியில் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்து இரண்டு வாரமே ஆன சிசுவைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்ட கைரோபிராக்டிக் காட்சியொன்று பரவியதால், 2019இல் அந்நாட்டு விக்டோரியா மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. பெரும் தீங்கு நேர்ந்ததற்கான சான்றுகள் மிகக் குறைவு என்று அக்குழு கண்டது. பயன் விளைந்ததற்கான சான்றுகளும் மிகவும் பலவீனமானவை என்றே அது முடித்தது.

பயன் தருவதாக நிறுவப்பட்டது வேறு. வளரும் பிள்ளைகளுக்கு 25 முதல் 40 பாகை வரையிலான வளைவில், பிரேஸ் எனப்படும் விறைப்பான உடற்கச்சையை அணிவிக்கிறார்கள். இதுவும் பயனுள்ளதா என்று நெடுநாள் ஐயம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 242 பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு 2013இல் விடை தந்தது. கச்சை அணிந்தோரில் 72 விழுக்காட்டினரும், அணியாதோரில் 48 விழுக்காட்டினரும் அறுவை தேவைப்படும் நிலையை அடையாமல் வளர்ச்சியை முடித்தனர். வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததால், அணியாத பிள்ளைகளை அப்படியே விட்டுவைப்பது முறையன்று என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரத்துக்குக் குறையாமல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினர். இங்கேயும் அந்த 48 விழுக்காட்டை மறந்துவிடலாகாது. எதுவும் செய்யாமலே ஏறத்தாழப் பாதிப்பேர் தப்புகிறார்கள். கைராசிக்காரர் என்று ஒருவருக்குப் பெயர் வர அதுவே போதும்.

மதுரையில் இருப்பவர்கள் இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று மூத்தோர் இன்னும் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவிலேயே தொடங்கலாம். மகளைக் காட்டப் பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்பதிலும், தாய் உடனிருப்பதிலும் தயக்கம் வேண்டாம். வளரும் பெண்பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் முதுகுப்புறமிருந்து பாயும்படி நிற்கவைக்கச் சொல்லலாம். மார்பில் படும் கதிரின் அளவு அதனால் பெரிதும் குறையும். பாகைக் கணக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஷைஸரி காலத்து வீட்டார் வாங்கிவைத்த தாளைப்போல அது உங்களிடம் இருக்கட்டும். நான்கைந்து மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட அதுவே ஆதாரம்.

கச்சை அணியும் பிள்ளைகள் தொழுகையைப் பற்றிக் கேட்பதுண்டு. உளூவில் கழுவ வேண்டிய உறுப்புகளை அது மறைப்பதில்லை. ஆதலால் அதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. குளிக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். அணியாதிருக்க மருத்துவர் அனுமதிக்கும் மணிநேரங்களுக்குள் சில வக்துகளை அமைத்துக்கொள்ளவும் முடியும். கச்சையோடு தொழுகையில் முழுமையாகக் குனிய இயலாவிட்டால், இயன்ற அளவு குனிந்தால் போதும். மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. தளர்ந்த ஆடைக்குள் அந்தக் கச்சை வெளியே தெரிவதும் இல்லை.